நிறுவியவர் வைத்திருந்த நோட்டு

ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் ஒரு நீள நோட்டு தொங்கும். தேதி, ஷிப்ட், ஆபரேட்டர் பெயர், ஓடிய நேரம், நின்ற நேரம், நின்றதற்குக் காரணம், தேறிய பீஸ், ரிஜெக்ட் என்று கட்டம் போட்டிருக்கும். பதினோரு வருஷமாக நான் இந்த நோட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'காரணம்' என்ற கட்டத்தின் அகலம் இரண்டு விரல். 'டூல் உடைந்தது', 'மெட்டீரியல் வரவில்லை', 'கரண்ட் இல்லை' என்பதற்கு மேல் அதில் எழுத இடம் கிடையாது. ஆபரேட்டருக்கு அன்றைக்கு மனசு சரியில்லை என்றால் அதற்குக் கட்டமே இல்லை.

என்னிடம் இன்னொரு நோட்டும் இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் ஆரம்பித்தோம். பாகலூர் ரோட்டில் நண்பர் ஒருவரின் ஜெராக்ஸ் கடை மாடிதான் இடம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், படிப்பதற்குத் தமிழ் என்று வாழ்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய. அப்படிப்பட்டவர்கள்தான் வந்தார்கள். யார் வந்தது, எந்தப் புத்தகம், டீச் செலவு எவ்வளவு, எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. முதல் வருஷம் ஒரு கூட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்திருக்கிறார்கள். கடைசி மூன்று மாதமாக வருகிறவர்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருவர் கடைக்காரர். போன மாதம் அவர் ஷட்டரை இறக்கிக்கொண்டே சொன்னார்: "ன்னா, பேசாம நிறுத்திடலாம். நோட்டுல கடைசியா ஒரு வரி எழுதி மூடிடுங்க. பாதியில கெடந்தா நல்லா இல்ல."

அந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஏனென்றால் அந்த வாரம் நைட் ஷிப்ட் முடித்து வந்து நான் படித்துக்கொண்டிருந்தது ஒரு நிறுவனரின் நோட்டு. தான் நிறுவியதற்குள் வாழ முடியாமல் போன ஒருவருடையது.

*

அவர் பெயர் ஆன்ரி லெ சோ. 1910இல் பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் சான் பிரியாக் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1929இல் கெர்கொனான் மடத்தில் பெனடிக்டின் துறவியாகச் சேர்ந்தார். கிட்டத்தட்ட இருபது வருஷம் அந்த மடத்துக்குள் இருந்துவிட்டு, 1948 ஆகஸ்டில் தமிழ்நாட்டுக்கு வந்தார். குளித்தலையில் அப்போது ஜூல் மொன்ஷானன் என்ற இன்னொரு பிரெஞ்சுக் குருவானவர் இருந்தார். அவர் 1939லேயே வந்துவிட்டவர், பெரிய படிப்பாளி. இருவரும் சேர்ந்து காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளி தோப்பில் 1950 மார்ச் 21ஆம் தேதி ஓர் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அது புனித பெனடிக்டின் திருநாள். வைத்த பெயர் சச்சிதானந்த ஆசிரமம், ஊர் வழக்கில் சாந்திவனம். இருவரும் காவி கட்டினார்கள். மொன்ஷானன் பரம அரூபி ஆனந்தர் ஆனார், லெ சோ அபிஷிக்தேஸ்வரானந்தர் ஆனார். பிறகு அந்தப் பெயர் அபிஷிக்தானந்தர் என்று சுருங்கியது. தமிழும் உபநிடதமும் படித்து, இந்தியத் துறவிகளைப் போலவே வாழ்ந்து, அதற்குள்ளிருந்தே கிறித்துவ மடம் ஒன்றை வளர்ப்பது திட்டம். அடுத்த வருஷமே அந்தத் திட்டத்தை விளக்கி இருவரும் ஒரு புத்தகமும் வெளியிட்டார்கள்.

யாரும் வந்து நிலைக்கவில்லை. வந்தவர்கள் கொஞ்ச நாளில் போனார்கள். 1957இல் மொன்ஷானன் சிகிச்சைக்காகப் பாரிஸ் போய் அங்கேயே இறந்தார். லெ சோ தனியாக இருந்தார். சரியாகச் சொன்னால், இருக்கவும் இல்லை. திருவண்ணாமலைக் குகைகள், திருக்கோவிலூர், கும்பகோணம், பிறகு இமயமலை என்று வருஷத்தில் பெரும்பகுதி வெளியே போய்விட்டார். 1968இல் ஆசிரமத்தை பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு உத்தரகாசி பக்கம் கங்கைக் கரையில் ஒரு குடிசைக்குப் போனார். 1973 டிசம்பர் 7ஆம் தேதி இந்தூரில் இறந்தார். இந்தியாவுக்கு வந்த பிறகு பிரான்சுக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

1948இலிருந்து இறக்கும்வரை அவர் டைரி எழுதினார். அதிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை அவருடைய நண்பரும் மெய்யியலாளருமான ரெய்மோன் பணிக்கர் முன்னுரையோடு 1986இல் பிரெஞ்சில் கொண்டுவந்தார். 1998இல் ஆங்கிலத்தில் வந்தது. நான் படித்தது அதைத்தான். இதயத்தின் அடியாழத்துக்கு ஏறுவது என்பது தலைப்பின் பொருள். ஆழத்துக்கு எப்படி ஏற முடியும், இறங்கத்தானே வேண்டும் என்று முதலில் தோன்றியது. மலைமேல் ஏறிப் போய்க் குகைக்குள் நுழைகிறவருக்கு அது சரியாகத்தான் இருக்கும் என்று பாதிப் புத்தகத்தில் புரிந்தது.

*

இந்த டைரியை எப்படிப் படிப்பது என்று எனக்குப் பிடிபட்டது, சம்பந்தமே இல்லாத இன்னொரு நோட்டை வைத்து. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பைசாந்தியம்வரை போய்வர வேண்டும்.

எட்டாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் தியோஃபனிஸ் என்று ஒருவர் இருந்தார். பணக்காரக் குடும்பம், சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். அரண்மனையில் பதவி கிடைத்தது, மெகாலோ என்ற பெண்ணோடு கல்யாணமும் ஆனது. இருவரும் பேசிவைத்துக்கொண்டு துறவியானார்கள். அவர் மர்மாரா கடலோரத்தில் ஒரு மடத்தை நிறுவினார். பெயர் மெகாஸ் அக்ரோஸ். நம் மொழியில் சொன்னால் பெருவயல். ஊர்ப்பெயர் மாதிரியே இருக்கிறது இல்லையா? கிருஷ்ணகிரிப் பக்கம் அப்படி ஓர் ஊர் இருக்கிறது என்று சொன்னால் நம்பிவிடலாம்.

அவருக்கு ஜார்ஜ் சின்கெல்லோஸ் என்று ஒரு நண்பர். உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து வரலாறு எழுத ஆரம்பித்து, கி.பி. 284 வரைக்கும் வந்தபோது முடியாமல் போய்விட்டது. சாகும் தறுவாயில் அவர் பாக்கி வேலையை தியோஃபனிஸிடம் ஒப்படைத்தார். தியோஃபனிஸ் 284இலிருந்து 813 வரை எழுதி முடித்தார். வருஷக் கணக்கு வரலாறு அது. ஒவ்வொரு வருஷத்துக்கும் மேலே ஒரு தலைப்பு: உலகம் தோன்றி எத்தனையாவது ஆண்டு, இயேசு மனிதராகி எத்தனையாவது ஆண்டு, பேரரசரின் எத்தனையாவது ஆண்டு, பாரசீக அரசரின் அல்லது அரபுத் தலைவரின் எத்தனையாவது ஆண்டு, எந்த நகரத்தில் எந்த ஆயர். முதல் வருஷம் 5777, கடைசி வருஷம் 6305. அந்தத் தலைப்புக்குக் கீழே அந்த வருஷத்துச் செய்தி. சில வருஷங்களில் தலைப்பு மட்டும் இருக்கும், செய்தி இருக்காது.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் ஷிப்ட் நோட்டு. அந்த மெஷின் அன்றைக்கு ஓடவில்லை என்றாலும் தேதியும் ஷிப்டும் எழுதித்தான் ஆகவேண்டும்.

தியோஃபனிஸின் நோட்டில் ஓர் இடம் இருக்கிறது. கடைசி வருஷம், 813. பல்கேரியர்களிடம் படை தோற்றுவிட்டது, பேரரசர் மிகைல் பதவியிழக்கிறார், ஐந்தாம் லியோ அரியணை ஏறுகிறார். புதிய அரசரை தியோஃபனிஸ் நல்லவிதமாகவே அறிமுகப்படுத்துகிறார், பக்தியுள்ளவர், வீரர் என்று. நோட்டு அங்கே முடிகிறது. இரண்டே வருஷத்தில், 815இல், அதே லியோ திருப்படிமங்களை வணங்கக் கூடாது என்ற பழைய கொள்கையை மறுபடி கொண்டுவருகிறார். தியோஃபனிஸ் ஒத்துப்போக மறுக்கிறார். சிறுநீரகக் கல்லோடு அவதிப்பட்ட அந்த நோயாளியைத் தலைநகருக்குக் கொண்டுபோய் இரண்டு வருஷம் சிறையில் வைத்தார்கள். பிறகு சமோத்ராகி தீவுக்கு நாடு கடத்தினார்கள். போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே இறந்தார். பெருவயலுக்குத் திரும்பவில்லை.

நோட்டில் மட்டும் லியோ நல்லவராகவே இருக்கிறார். திருத்தவில்லை. திருத்த நேரம் கிடைத்ததா, மனசு வந்ததா என்பது வேறு விஷயம். அந்த வருஷத்தில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அது அப்படியே நிற்கிறது. இதனால்தான் அந்த நோட்டின் கடைசிப் பகுதி 815க்கு முன்னால் எழுதப்பட்டது என்று ஆய்வாளர்களால் சொல்ல முடிகிறது. பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு முன்னால் நடந்ததைச் சரிசெய்யாத எழுத்துக்குத்தான் நோட்டு என்று பெயர். சரிசெய்தால் அது சுயசரிதை.

*

இந்த அளவுகோலோடு லெ சோவின் டைரிக்குத் திரும்பினால், அதன் உண்மையான பலம் தெரிகிறது.

லெ சோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவர் அத்வைதத்தைக் கண்டடைந்த கிறித்துவர். கடைசியில் 'நம்ம பக்கம்' வந்துவிட்டவர். இன்னொரு கட்சிக்கு அவர் கடைசி மூச்சுவரை கிறிஸ்துவைவிட்டு நகராத துறவி. அருணாசலம், ரமணர் எல்லாம் வழியில் வந்த ஊர்கள். இரண்டு கட்சியும் 1973இலிருந்து பின்னோக்கிப் படிக்கின்றன. முடிவு தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, முன்னால் வரும் பக்கங்களில் அதற்கான சாட்சியைப் பொறுக்குகின்றன.

டைரியை வருஷ வரிசையில் படித்தால் அப்படிப் பொறுக்க முடியாது. 1949 ஜனவரியில் அவர் முதல்முறை திருவண்ணாமலை போகிறார், மொன்ஷானனோடு. ரமணரைப் பார்க்கிறார். உடனே ஒளி வந்து இறங்கிவிடவில்லை. முதலில் கொஞ்சம் ஏமாற்றம், கூடவே காய்ச்சல். காய்ச்சலோடு படுத்திருந்தபோதுதான் ஏதோ உள்ளே இறங்க ஆரம்பித்தது. மறுபடி வர வேண்டும் என்று நினைத்தார். 1950 மார்ச் 21ஆம் தேதி சாந்திவனம் தொடங்குகிறது. ஏப்ரல் 14ஆம் தேதி ரமணர் மறைகிறார். இடையில் 24 நாள். ஓர் இடத்தை நிறுவிய ஒரு மாதத்துக்குள்ளேயே, தன்னை இழுத்துக்கொண்டிருந்த இன்னோர் இடத்தின் மையம் போய்விட்டது. மனிதர் போனார், மலை இருந்தது. 1952இலிருந்து அவர் அந்த மலையின் குகைகளில் போய் உட்கார ஆரம்பித்தார்.

டைரியின் கனமான பகுதி 1952இலிருந்து 1956 வரையிலான வருஷங்கள்தான் என்பது என் கருத்து. ஒரு நாள் அத்வைத அனுபவத்தைப் பற்றி முழு உறுதியோடு எழுதுகிறார். இன்னொரு நாள் தான் திருச்சபைக்குத் துரோகம் செய்கிறோமோ, ஒருவேளை வழி தவறிவிட்டோமோ என்று நடுங்குகிறார். பூசை வைப்பதை விடவும் முடியவில்லை, முன்பு வைத்த மாதிரி வைக்கவும் முடியவில்லை. இது ஒரு வாரத்தில் தீர்ந்துபோன மனப்போராட்டம் இல்லை. வருஷக்கணக்காக ஓடுகிறது. 1955 டிசம்பரில் திருக்கோவிலூர் தபோவனத்து ஞானானந்தரைச் சந்தித்த பிறகும், 1956 இறுதியில் கும்பகோணத்தில் ஒரு மாதத்துக்கு மேல் மௌனத்தில் அடைந்து கிடந்த பிறகும் தீரவில்லை. படிக்கிற நமக்கே ஒரு கட்டத்தில், 'யோவ், ஏதாவது ஒரு பக்கம் முடிவெடுய்யா' என்று கத்தத் தோன்றும். அவர் எடுக்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டே வாழ்ந்தார். அதைத் தீர்க்காமல் எழுதிவைத்ததுதான் இந்தப் புத்தகம் செய்த வேலை.

இதை இன்னும் தெளிவாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஞானானந்தரைப் பற்றி அவர் ஒரு தனிப் புத்தகம் எழுதினார். பிரெஞ்சில் 1970இல் வந்தது. தமிழ் நாட்டுக் குரு என்று தலைப்பிலேயே நம் மண்ணின் பெயர் இருக்கும். அதில் தன்னை 'வன்யா' என்று வேறு பெயர் வைத்து, படர்க்கையில் எழுதிக்கொள்கிறார். அழகான புத்தகம், பயணமும் உரையாடலும் தெளிவாக ஓடும். ஆனால் வன்யாவுக்கு லெ சோவின் பயம் இல்லை. அதே வருஷங்களின் டைரியைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வித்தியாசம் தெரியும். புத்தகம் எழுதும்போது தனக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. டைரி எழுதும்போது தெரியாது. எனக்கு வன்யாவைவிட லெ சோவைத்தான் பிடித்திருக்கிறது.

*

ஆனால் இந்த டைரியின்மேல் எனக்குக் கோபமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இது விமர்சனம் ஆகாது, தோத்திரம் ஆகிவிடும்.

முதல் கோபம் மொன்ஷானன் விஷயத்தில். சாந்திவனம் இரண்டு பேர் நிறுவியது. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ரகசியம் இல்லை. மொன்ஷானன் படிப்பாளி, யோசிப்பவர். கட்டடம் கட்டுவது, காரியம் நடத்துவதெல்லாம் அவருக்கு வராது. லெ சோவுக்கு அந்த மந்தம் எரிச்சலாக இருந்தது. அதைவிடப் பெரிய பிளவு சிந்தனையில் இருந்தது. மொன்ஷானன் கிரேக்கத் திருச்சபைத் தந்தையரில் ஊறியவர், தியோஃபனிஸுக்கும் பாட்டனார்களான அந்த மரபில். கிறித்துவ நம்பிக்கையிலிருந்து அந்தக் கிரேக்கச் சிந்தனையைக் கழற்றி எறிய முடியாது என்பது அவர் நிலை. கடைசிக் காலத்தில், அத்வைதமும் திரித்துவமும் நேராகச் சந்திக்கும் இடம் ஒன்று உண்டா என்பதில் அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டேபோனது. லெ சோ எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தார்.

இதை நான் லெ சோவின் பக்கத்திலிருந்தே படிக்கிறேன், ஏனென்றால் நோட்டு அவர் கையில் இருக்கிறது. நோட்டு வைத்திருப்பவர் எப்போதும் ஜெயிப்பார். எங்கள் வட்டத்தை ஆரம்பித்த மூன்று பேரில் ஒருவர் இரண்டாம் வருஷமே சண்டை போட்டுப் போய்விட்டார். அதை நான் நோட்டில் எழுதியது இப்படி: 'இன்று வரவில்லை.' அவரிடம் ஒரு நோட்டு இருந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். மொன்ஷானன் குறைவாக எழுதியவர், சீக்கிரம் இறந்தவர். அதனாலேயே அவர் லெ சோவின் கதையில் துணைப் பாத்திரமாகச் சுருங்கிப்போனார். லெ சோவை விரும்பிப் படிக்கிறவர்கள் இந்த அநியாயத்தையாவது மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

இரண்டாவது கோபம் இன்னும் எளிமையானது. நிறுவனரின் நோட்டில் நிறுவனத்தைத் தேடுகிறவருக்கு இந்தத் தொகுப்பில் கிடைப்பது கொஞ்சம். தோப்புக்கு வேலி போட்டது யார், அரிசி எங்கிருந்து வந்தது, காவிரி பெருக்கெடுத்த வருஷம் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. தியோஃபனிஸிடம் வெளியுலகம் மட்டும்தான் இருக்கிறது. போர், நிலநடுக்கம், அரசர், ஆயர். மனசு இல்லை. லெ சோவிடம் மனசு மட்டும்தான் பெரும்பாலும். ஆன்மிக டைரி என்றுதான் தொகுப்பு தன்னைச் சொல்லிக்கொள்கிறது, எனவே எதிர்பார்ப்பு என் தப்பாக இருக்கலாம். தேர்ந்தெடுத்தவர்களின் கைவண்ணமும் இதில் இருக்கும். ஆனாலும் ஒரு மடத்தைத் தாங்குவது தியானம் மட்டும் இல்லை. வாடகையும் டீச் செலவும்கூடத்தான்.

'தேர்ந்தெடுத்தவர்கள்' என்றேன். இதிலும் இரண்டு நோட்டுக்கும் ஓர் ஒற்றுமை. தியோஃபனிஸின் வரலாற்றில் பெரும்பகுதி உண்மையில் சின்கெல்லோஸ் சேர்த்துவைத்த குறிப்புகள்தான், தியோஃபனிஸ் ஒழுங்குபடுத்தியவர் மட்டுமே என்று 1978இல் சிரில் மாங்கோ என்ற அறிஞர் வாதிட்டார். அதன்மேல் இன்றும் விவாதம் நடக்கிறது. நண்பர் விட்டுப்போனதை நண்பர் முடித்தார். லெ சோ விட்டுப்போனதைப் பணிக்கர் கொண்டுவந்தார். தனியாகக் குகையில் உட்கார்ந்து எழுதினாலும், அது நம் கைக்கு வரும்போது இன்னொருவர் கை பட்டுத்தான் வருகிறது. 'நானே, எனக்கே' என்று எழுதிய டைரியும் கடைசியில் ஒரு கூட்டுவேலை ஆகிவிடுகிறது. அத்வைதிக்கு இதில் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

*

இப்போது கஷ்டமான கேள்விக்கு வருகிறேன். லெ சோ சாந்திவனத்தைக் கைவிட்டாரா, ஒப்படைத்தாரா?

பதினெட்டு வருஷம். நிரந்தரமாகத் தங்கிய சீடர் ஒருவர்கூட இல்லை. கணக்குப்படி பார்த்தால் ரிஜெக்ட். அவருக்குப் பின்னால் வந்த பீட் கிரிஃபித்ஸின் கதையும் தோல்வியில்தான் ஆரம்பிக்கிறது. அவர் 1955இல் இந்தியாவுக்கு வந்து முதலில் மடம் தொடங்கப் பார்த்த இடம் பெங்களூரை ஒட்டிய கெங்கேரி. எங்கள் ஊரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் இரண்டு பஸ் தூரம். அது கைகூடவில்லை. பிறகு 1958இல் கேரளத்தில் பிரான்சிஸ் ஆசார்யாவோடு சேர்ந்து குரிசுமலை. பத்து வருஷம் கழித்து தண்ணீர்ப்பள்ளி. அவர் வந்த பிறகுதான் சாந்திவனத்துக்கு ஆட்கள் வந்தார்கள். உலகம் முழுக்கத் தெரிந்தது. 1993இல் இறக்கும்வரை அவர் அங்கே இருந்தார். இன்றும் ஆசிரமம் இருக்கிறது.

அப்படியென்றால் நிறுவியவர் யார்? கல் நட்டவரா, ஆள் சேர்த்தவரா? இரண்டாமவர்தான் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் அந்தப் பதினெட்டு வருஷம் அந்த இடம் காலியாகவோ பாதிக் காலியாகவோ திறந்தே கிடந்திருக்காவிட்டால், பீட் கிரிஃபித்ஸ் வந்து உட்கார இடம் இருந்திருக்காது. தியோஃபனிஸின் நோட்டில் செய்தி இல்லாத வருஷங்கள் இருக்கின்றன என்றேன் அல்லவா. தலைப்பு மட்டும் எழுதி, கீழே ஒன்றும் எழுதாமல் விட்ட வருஷங்கள். அவற்றை அவர் தாண்டிப் போயிருக்கலாம். போயிருந்தால் அடுத்த வருஷத்தின் எண் தப்பாகியிருக்கும். 5777இலிருந்து 6305 வரை ஒரு வருஷமும் விட்டுப்போகாமல் வந்து சேர்ந்ததற்கு அந்த வெற்று வருஷங்களும் காரணம்.

லெ சோ அந்த வெற்று வருஷங்களைக் காத்தார். முழு மனசோடு இல்லை. மனசு அருணாசலத்தில் இருந்தது, கங்கைக் கரையில் இருந்தது. போய்ப் போய் வந்தார். இதைப் பெருமையாகச் சொல்ல முடியாது, ஆனால் பொய்யில்லாமல் சொல்ல முடியும். மனசு வேறெங்கோ இருந்தும் இடத்தைப் பூட்டாமல் வைத்திருப்பதும் ஒருவகைப் பொறுப்புத்தான். சரியான ஆள் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு, எனக்கு இதில் உரிமை உண்டு என்று சொல்லாமல் போவது அதைவிடக் கஷ்டமான பொறுப்பு.

1973 ஜூலை 14ஆம் தேதி ரிஷிகேசத்தில் ஒரு பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது மாரடைப்பு வந்து தெருவோரத்தில் விழுந்தார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். தேடியது கிடைத்துவிட்டது என்ற தொனி அந்த மாதங்களில்தான் அவருக்கு வருகிறது. அந்த விழுகையையே பெரிய பேறாகச் சொன்னார். எல்லோரும் அந்தப் பக்கங்களைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் அவற்றைச் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்தக் கடைசி ஐந்து மாதத்துக்கு முந்தைய இருபத்தைந்து வருஷம் இல்லாமல் அவற்றைப் படித்தால், சாமியார் படத்துக்குக் கீழே போடும் வாசகமாக ஆகிவிடும். இளம் வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 1952இல் ஆரம்பியுங்கள், அவர் பயந்துகொண்டிருந்த இடத்தில்.

*

நைட் ஷிப்ட் முடிந்த ஒரு காலையில் வண்டியை வீட்டுக்குத் திருப்பாமல் கெலவரப்பள்ளி அணைக்குப் போனேன். பெங்களூர்க் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை மதகுக்குக் கீழே நுரை தள்ளிக்கொண்டிருந்தது. வெள்ளை நுரை, ஆள் உயரத்துக்கு. நாற்றம் மூக்கைத் துளைத்தது. இதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் எல்லாம் கடந்து திருக்கோவிலூருக்குப் போகிறது, லெ சோ தன் குருவைக் கண்டுகொண்ட ஊருக்கு. மாவட்டத்தின் அந்தப் பக்கம், அஞ்செட்டிக் காட்டை ஒட்டி இறங்கும் காவிரி, குளித்தலைக்கும் தண்ணீர்ப்பள்ளிக்கும் போகிறது. அவர் நிறுவிய இடத்துக்கு ஒன்று, அவரை இழுத்த இடத்துக்கு ஒன்று என்று இரண்டு ஆறும் எங்கள் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. இதில் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. நாங்கள் அனுப்புகிற தண்ணீர் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனேன். கடைக்காரர் மட்டும் இருந்தார். "எழுதிட்டீங்களாண்ணா?" என்றார். நோட்டைத் திறந்து தேதி போட்டேன். வந்தவர்கள்: இரண்டு. புத்தகம்: இல்லை. டீ: இருபத்து நான்கு ரூபாய்.

"அவ்ளோதானா?" என்றார்.

"இந்த மாசம் அவ்ளோதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், போன வாரம் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு காலேஜ் பொண்ணு சுவரில் ஒட்டியிருந்த பழைய நோட்டீஸைப் பார்த்து, இது இன்னும் நடக்குதா என்று கேட்டதாகச் சொன்னார்.

"என்ன சொன்னீங்க?"

"தெரியல, அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

நடக்கிறது என்று சொல்லச் சொன்னேன். நான் ஒவ்வொரு மாதமும் இருப்பேனா என்பது தெரியாது. மனசு இப்போது வேறு எங்கோ இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. மாடிச் சாவியில் ஒன்றைக் கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். நோட்டும் அங்கேயே இருக்கிறது, அடுத்த மாதத்துக்குத் தேதி மட்டும் எழுதி.